மூச்சு வாங்கிய மணிக்கூடு

எங்கள் பெரியப்பா வீட்டில், வெள்ளைக்காரத் துரை ஒருவர் முகம் கழுவிய மேசையில்தான் பிள்ளையார் இருந்தார். சலவைக்கல் பதித்த மேசை. தண்ணீர்க் கோப்பை வைப்பதற்காக அதன் நடுவில் வெட்டியிருந்த வட்டத்தில் பெரியம்மா குத்துவிளக்கை இறக்கி வைத்திருந்தார். என்ன காற்றடித்தாலும் அது சரியாது. விபூதி இருந்தது மூடி தொலைந்த ஒரு சூப்புக் கோப்பையில். அந்தக் கோப்பையைச் சுற்றி நீல நிறத்தில் குதிரையும் நாயும் ஓடும். விபூதி என்றால் குதிரை ஓடுகிற பாத்திரத்தில்தான் இருக்கும் என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். கோயிலில் ஐயர் வெறும் பித்தளைத் தட்டை நீட்டும்போது எனக்கு ஏதோ குறைவாகத்தான் பட்டது.

பெரியப்பா கொழும்பில் ஏலச்சாமான் கடை வைத்திருந்தவர். எங்கள் புங்குடுதீவு ஆட்கள் தென்பகுதியில் கடை வைப்பது புதினமில்லை. ஆனால் மற்றவர்கள் சாப்பாட்டுக்கடையும் பலசரக்குக் கடையும் போட, பெரியப்பா மட்டும் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு ஊருக்குப் போகிற துரைமாரின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் எடுத்தார். பளபளவென்று மினுக்கி வைத்து விற்றார். செதுக்குவேலைக் கதிரை, பொன்வண்ணச் சட்டம் போட்ட கண்ணாடி, பீங்கான் பொம்மை, மணிக்கூடு என்று கடை நிறைந்திருக்குமாம். எது விலைபோகவில்லையோ, எதில் ஒரு கீறலோ உடைவோ இருந்ததோ, அதை லொறியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. நல்ல சாமான்கள் எல்லாம் அதோடு போயின. பெரியப்பா உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கினார். அப்போது வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றவை அவர் விற்க முடியாமல் அனுப்பிவிட்ட சாமான்கள்தான். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பேச்சே வராத வயது.

ஆகவே நான் அறிந்த பெரியப்பா வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு குறை இருந்தது. கண்ணாடி முகத்தைக் கொஞ்சம் நீட்டிக் காட்டும். ஆட்டுக்குட்டியை அணைத்துக்கொண்டு நிற்கிற வெள்ளைக்காரப் பெண் பொம்மைக்கு ஒரு கை இல்லை. அது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா சாமிக்குப் பூ வைத்து மிஞ்சியதில் ஒன்றை அதன் தலையிலும் வைத்துவிடுவார். “ஆரோ பெத்த பிள்ளை, வெறுந்தலையோடை நிக்கப்படாது” என்பது அவருடைய நியாயம். சிங்கக்கால் வைத்த பெரிய கதிரை ஒன்று இருந்தது. சிவப்பு மெத்தை. உள்ளே கம்பி அறுந்திருந்தபடியால், இருந்தவர் இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விடுவார். எழும்புவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும்.

குறையில்லாமல் இருந்தது மணிக்கூடு ஒன்றுதான். ஆளைவிட உயரமாக, மரப்பெட்டிக்குள், சுவரோடு சாய்த்து நிறுத்தியிருந்தது. மேலே முகம், அதற்குக் கீழே ஒரு சின்னக் கதவு. கதவைத் திறந்தால் பித்தளைத் தட்டு ஒன்று நீளக் கம்பியில் தொங்கி இங்கும் அங்கும் ஆடிக்கொண்டிருக்கும். மணி அடித்தால் வளவு கடந்து எங்கள் வீட்டுக் குசினி அடுப்படிவரைக்கும் கேட்கும். சத்தம் கூடிப்போனதால்தான் கொழும்பில் அதை ஒருவரும் வாங்கவில்லையாம். இருக்கிற வீட்டில் நித்திரை கொள்ள வேண்டாமா என்று கேட்டார்களாம்.

நான் சொல்லப் போகிற கதை நடந்தபோது எனக்கு ஒன்பது வயதிருக்கும். சண்டையால் கரண்ட் நின்றுபோன காலம். பற்றரி எங்கள் பக்கம் வருவதற்குத் தடை. ஊரில் உள்ள பற்றரி மணிக்கூடுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிவிட்டன. அப்போதுதான் பெரியப்பாவின் மணிக்கூட்டுக்கு மரியாதை கூடியது. கோயில் மணி அடிக்கிறவர் பூசைக்கு முன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பள்ளிக்கூடத்தில் இருந்துகூட ஆள் வரும். பெரியப்பாவும் அந்த மணிக்கூட்டை ஒரு விரதம் மாதிரித்தான் வைத்திருந்தார். குளித்து, விபூதி பூசி, தேவாரம் பாடி முடித்த பிறகுதான் அதற்குச் சாவி கொடுப்பார். பின்னேரத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, நான் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வருகிற கரண்டில் ரேடியோ பாடும். செய்தி கேட்க அயலட்டைச் சனம் எல்லாம் வந்து குந்தியிருக்கும். செய்தி தொடங்குகிற நேரத்தோடு பெரியப்பா மணிக்கூட்டைச் சரிபார்ப்பார். அது ஒருநாளும் பிழைத்ததில்லை. வேறு ஒருவரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் கை இராது என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

“முள்ளு என்ன சொல்லுதோ அதைத்தான் நாங்கள் சொல்லவேணும். அதுக்கு நாங்கள் சொல்லிக் குடுக்கக்கூடாது” என்பார். பெரியப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பெரியப்பாவின் மகளுக்கு, எனக்கு அவ அக்கா, வேலணையில் சம்பந்தம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. மாசியில் வைத்த நாள் சண்டையால் குழம்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் தாயாருக்கு மனத்தில் ஒரு நெருடல். ஒருமுறை குழம்பின சம்பந்தம், இன்னொருமுறை குழம்பினால் அது கடவுள் வேண்டாம் என்று சொல்வதுதான் என்று வேலணையில் சொல்லித் திரிகிறாவாம். பெரியம்மாவுக்கு அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. அக்காவோ வாயைத் திறக்கமாட்டா. ஆனால் மாப்பிள்ளையின் படத்தை அந்த நீட்டிக் காட்டுகிற கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தா. அது எனக்கும் அவவுக்கும் மட்டும் தெரியும்.

இரண்டாவதாகக் குறித்த நாள் ஆனி மாதக் கடைசித் திங்கட்கிழமை வந்தது. அதை விட்டால் ஆடி. ஆடியில் கலியாணம் இல்லை. ஐயர் பார்த்துச் சொன்ன சுபநேரம் காலை பத்து மணியோடு முடிகிறது. முற்றத்தில் பந்தல் போட்டால் மேலே சுற்றிச் சுடுகிற ஹெலிக்காரன் கண்ணில் படும் என்று வீட்டின் பெரிய அறையிலேயே மணவறை போட்டார்கள். மணிக்கூட்டுக்கு நேர் எதிரே. ஓமப்புகையில் ஐயருக்கு முள் தெரியாது என்பதால், மணிக்கூட்டடியில் ஒரு சின்ன வாங்கைப் போட்டு என்னை அதில் இருத்தினார் பெரியப்பா.

“நீதான் நேரம் சொல்லுற ஆள். ஆர் கேட்டாலும் முள்ளைப் பார்த்து உள்ளதைச் சொல்லு.”

பட்டுப்பாவாடையோடு நான் அதில் இருந்த இருப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மணப்பெண்ணைவிட நான்தான் நிமிர்ந்து இருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் பாலம் கடந்து நேரத்தோடு வந்துவிட்டார்கள். ஒரு பழைய காரில் மாப்பிள்ளையும் தாயாரும் பெரியவர்கள் சிலரும், மற்றவர்கள் சைக்கிளில். பெற்றோல் இல்லாத காலம், கார் மண்ணெண்ணெயில் ஓடியது. அது வந்த பிறகும் வெகுநேரம் வாசலில் புகை மணம் நின்றது. தாயாரை எல்லோரும் மாமி என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மாமி நல்ல உயரம், நல்ல உடம்பு, கையில் நெல்லுப்போல முள் வைத்த சின்னப் பொன் மணிக்கூடு. சாவி கொடுக்கிற வகை. உள்ளே வந்ததும் முதலில் தன் கையைப் பார்த்தார், பிறகு பெரியப்பாவின் மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தார்.

“ஓம், ரண்டும் ஒண்டாத்தான் கிடக்கு” என்றார்.

பெரியப்பாவுக்கு அது பெரிய புகழ்ச்சி. உடனே அவரைச் சிங்கக்கால் கதிரையில் இருத்தினார். மரியாதைக்குத்தான் செய்தார் என்று இன்றும் நம்புகிறேன். மாமி ஒரு முனகலோடு உள்ளே போனார். தலையும் தோளும் வெளியில் நின்றன.

அப்போதுதான் பெரியம்மா கேட்டார், கூறைத் தட்டம் எங்கே என்று. தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டத்தை மாப்பிள்ளையின் தமக்கைதான் கொண்டுவர வேண்டும். தமக்கையும் இல்லை, தட்டமும் இல்லை.

“அவள் பிள்ளையைப் பால் குடுத்து நித்திரையாக்கி வெளிக்கிட முன்னம் இராகு காலம் துடங்கீட்டுது” என்றார் மாமி கதிரைக்குள் இருந்து. “இராகு காலத்திலை தாலி வாசல் தாண்டலாமே? நான்தான் சொன்னனான், ஒன்பதுக்குப் பிறகு வெளிக்கிடு எண்டு. கார் திரும்பிப் போகுது. ஏத்திக்கொண்டு வரும்.”

திங்கட்கிழமை இராகு காலம் ஏழரையில் தொடங்கி ஒன்பதுக்கு முடியும். ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் ஒன்பதரைக்குள் வந்து சேரலாம். கணக்குச் சரிதான். அதோடு மாமி விடவில்லை. எல்லோருக்கும் கேட்க, “சம்மந்தி, குறைநினைக்காதேங்கோ. நான் முன்கூட்டியே சொல்லிப்போட்டன். போனமுறை மாதிரி இனி ஏலாது. உந்த மணிக்கூடு பத்து அடிக்கமுன்னம் தாலி ஏறவேணும். அடிச்சிட்டுதெண்டால் நான் என்ரை பிள்ளையை எழுப்பிக்கொண்டு போயிடுவன்” என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்தார். பெரியப்பா, “ஓம் ஓம், நேரத்துக்கு நடக்கும்” என்று சிரித்தார்.

சடங்குகள் நடந்தன. ஒன்பதரை அடித்தது. கார் வரவில்லை. தாரை வார்க்கிற நேரம் வந்தபோது பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவறையில் நின்று தண்ணீர் விட்டு மகளைக் கொடுத்தார்கள். அடுத்தது கூறை. கூறை இல்லை. ஐயர் நெய்யை ஊற்றினார், மந்திரத்தைச் சொன்னார், திரும்பவும் நெய்யை ஊற்றினார். நான் போய் அவருடைய காதில் நேரத்தைச் சொல்லிவிட்டு வந்து இருப்பேன். அவர் தலையாட்டுவார். தமக்கையை ஏற்றிக்கொண்டு வரும்போது பாலத்தடியில் கார் நின்றுபோய்விட்டது, மண்ணெண்ணெய்க் காரை மறுபடி இயக்க ஒரு சொட்டுப் பெற்றோல் வேண்டும், அது இல்லை என்று சைக்கிளில் வந்த ஒரு பெடியன் மூச்சிரைக்கச் சொன்னான்.

எல்லாத் தலையும் மணிக்கூட்டுப் பக்கம் திரும்பின. எனக்கு என்னைத்தான் பார்க்கிறார்கள் போல இருந்தது. பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அக்கா கையில் இருந்த வெற்றிலையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தா.

பெரியப்பா மணவறையை விட்டு எழும்பி மெல்ல நடந்து வந்தார். களைத்துப்போனவர் சாய்வதுபோல மணிக்கூட்டில் முதுகைச் சாய்த்தார். நான் அவருடைய காலடியில் இருந்தேன். அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் போனது. சின்னக் கதவு திறந்தது. இங்கும் அங்கும் ஆடிய அந்தப் பித்தளைத் தட்டை அவருடைய விரல்கள் பிடித்தன.

டிக்டிக் நின்றது.

மேளம் முழங்கியதால் வேறு ஒருவருக்கும் அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. நெஞ்சு நின்றது போலக் கேட்டது. நான் அண்ணாந்து பார்த்தேன். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. எதிரே துரையின் மேசையில் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்துக்குக் கொஞ்சம் கிடந்த இடத்தில் முள் நின்றுவிட்டது.

சாமிக்கு முன்னால், ஓமத்துக்கு முன்னால், கலியாண வீட்டில் பெரியப்பா இப்படி ஒரு வேலை செய்கிறார். இதற்குப் பிள்ளையார் என்ன செய்வார்? அவருடைய கண்ணைக் கெடுப்பாரா? கையை முடக்குவாரா? தொட்டால் கை இராது என்று அவர்தானே சொன்னவர். நான் நேரம் சொல்கிற ஆள். உள்ளதைச் சொல்லு என்று வேறு சொல்லியிருக்கிறார். எழும்பிப் போய் ஐயரின் காதடியில், “ஐயா, மணிக்கூடு ஓடேல்லை” என்றேன்.

ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு புகைக்குள்ளால் மணிக்கூட்டைப் பார்த்தார், அதில் சாய்ந்து நின்ற பெரியப்பாவைப் பார்த்தார்.

“அது ஓடுது பிள்ளை. வயசு போனதெல்லோ, களைச்சு மூச்சு வாங்குது. நீர் போய்ப் பேசாமல் இரும்” என்று சொல்லிவிட்டு ஒரு கரண்டி நெய்யைத் தாராளமாக ஊற்றினார்.

ஐயர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மணிக்கூடு மூச்சு வாங்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

நான் திரும்பி வந்து இருந்தபோது வேறு சில புதினங்களும் கண்ணில் பட்டன. மாப்பிள்ளையின் மாமன் ஒருவர், சவூதியில் இருந்து வந்தவர், பளபளக்கிற கைமணிக்கூடு கட்டியிருந்தார். வந்ததில் இருந்து அதைத் தெரியக் காட்டுவதற்காகச் சட்டைக்கையை மடித்து வைத்திருந்தவர், இப்போது அந்தக் கையை மணிக்கட்டுவரைக்கும் இழுத்துப் பொத்தானையும் போட்டார். இந்த வெக்கையில் இவருக்கு என்ன குளிர் என்று நான் நினைத்தேன்.

மேளக்காரர் ஒரு மூச்சுக்கு நிறுத்தினார். அறை முழுக்க அமைதி. டிக்டிக் கேட்கவேண்டிய இடத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

“அடியுங்கோ அண்ணை, அடியுங்கோ!” என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் மணவறையில் இருந்த மாப்பிள்ளையே திடுக்கிட்டார். “என்ன செத்தவீடு மாதிரி நிப்பாட்டிப் போட்டியள்?”

மேளக்காரர் பெரியப்பாவைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அடித்த அடியை ஊர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நாதஸ்வரக்காரரின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்து நின்றது.

மாமி கதிரைக்குள் இருந்து கழுத்தை நீட்டினார். “பிள்ளை, எத்தினை மணி?”

நான் முள்ளைப் பார்த்தேன். “பத்துக்கு இன்னும் கொஞ்சம் கிடக்கு மாமி.”

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். அதுதான் முள் சொன்னது. மூன்றாம்முறை கேட்கவில்லை. கழுத்தை நீட்டி மணிக்கூட்டையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். நெற்றியால் வியர்வை ஓட, சிரித்த முகமாக, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிற மனிசனைப் பார்த்தார். பிறகு மணவறையில் வெற்றிலையைச் சுருட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். கடைசியாகத் தன்னுடைய கையைத் தூக்கி அந்தப் பொன் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்த்தவர், அதன் முகத்தைத் திருப்பி மணிக்கட்டின் உட்பக்கம் விட்டு, அதன்மேல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தார்.

“நேரம் கிடக்கு” என்றார் சத்தமாக. “ஒருதரும் அந்தரப்பட வேண்டாம். மணிக்கூட்டிலை இன்னும் நேரம் கிடக்கு.”

வாசலில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பின்னால் மீன்பெட்டி கட்டுகிற கம்பி வைத்த சைக்கிள். ஊர்காவற்றுறைப் பக்கத்து மீன்காரர் ஒருவர், கழுத்தில் சிலுவை ஆட ஆட மிதித்துக்கொண்டு வந்தார். பின் காரியரில் பட்டுச்சேலையோடு மாப்பிள்ளையின் தமக்கை. மடியில் துவாயால் கட்டிய கூறைத் தட்டம், தலைமயிர் எல்லாம் காற்றில் பிரிந்து கிடந்தது. பெட்டியைப் பாலத்தடியில் இறக்கி வைத்துவிட்டு வந்தாராம் அந்தப் புண்ணியவான். தட்டம் உள்ளே போனபோது அதோடு ஒரு மணமும் போனது. சுத்த சைவக் கலியாணம். மாமியின் மூக்கு ஒருமுறை சுருங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பெரியப்பா விடவில்லை. ஏனென்றால் தட்டம் வந்தால் மட்டும் போதாது. அக்கா உள்ளே போய்க் கூறை மாற்றிக்கொண்டு வரவேண்டும். கூறை உடுத்துகிறது என்றால் சும்மாவா! உள்ளே பெண்கள் ஒருவருக்கொருவர் கத்துகிற சத்தம் கேட்டது. “கொய்யகத்தை இஞ்சாலை பிடியுங்கோ! ஊசி எங்கை? ஊசியை ஆர் எடுத்தது?” பெரியப்பாவின் தோள் மெல்ல நடுங்கத் தொடங்கியது. அவருடைய சால்வை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. பிள்ளையாரே, பெரியப்பாவின் கையை விட்டுவிடு, எனக்கு வேண்டுமானால் காய்ச்சலைத் தா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அக்கா கூறையோடு வந்தா. ஐயர் தாலியை எடுத்துக் காட்டினார். மாமியைக் கதிரையில் இருந்து இரண்டு பேர் இழுத்து எடுத்தார்கள். கெட்டிமேளம் முழங்க, அறுகும் அரிசியும் பறக்க, தாலி ஏறியது.

அப்போதுதான் பெரியப்பாவின் கை வெளியில் வந்தது. விரல்கள் பிடித்த பிடியிலேயே மடங்கிப்போய் இருந்தன. மறுகையால் அவற்றை ஒவ்வொன்றாக நீட்டினார். எனக்குப் பின்னால் டிக்டிக் தொடங்கியது. ஆசீர்வாதம் நடந்துகொண்டிருக்கும்போது மணிக்கூடு தன் பெரிய தொண்டையால் பத்து அடித்தது.

“பாத்தியளோ!” என்றார் மாமி சபையைப் பார்த்து. “பத்துக்கு முன்னமே ஏறீட்டுது. நான் சொன்னனானெல்லோ.”

எல்லோரும் ஓம் ஓம் என்றார்கள். சவூதி மாமன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். மீன்காரரைப் பெரியப்பா கையில் பிடித்து இழுத்து வந்து முதல் பந்தியில் இருத்தினார்.

அக்காவும் அத்தானும் இன்றும் நல்லாக இருக்கிறார்கள். அடுத்த மாரிக்குள் நாங்கள் எல்லோரும் தீவை விட்டு ஓடினோம். கதிரையும் கண்ணாடியும் மணிக்கூடும் என்னவானதோ தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த படத்தை மட்டும் அக்கா எடுத்துவந்தா. மாமி கடைசிக்காலம் வரை அக்காவின் கையால்தான் சோறு வாங்கினார். நான் என் பிள்ளைகளின் காரியங்களுக்கு இன்றும் நாள் நட்சத்திரம் பார்க்கிறவள்தான். அதை விடமாட்டேன். ஆனால் நல்லநேரம் ஆரிடம் இருந்து வருகிறது என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வேன்.

அன்று பின்னேரம் வழக்கம்போலச் செய்தி கேட்க அயலட்டை வந்து கூடியது. எல்லோரும் காலையில் கலியாணத்துக்கு வந்தவர்கள்தான். நான் மிதிகட்டையைச் சுற்றினேன். ரேடியோ செய்தி சொல்லத் தொடங்கியது. எல்லோருடைய கண்ணும் பழக்கதோஷத்தில் மணிக்கூட்டுக்குப் போனது. அதில் செய்தி நேரத்துக்கு இன்னும் அரைமணிக்கு மேல் கிடந்தது.

பக்கத்து வளவு மாமா வெற்றிலையை மென்றுகொண்டு, “இந்த ரேடியோ இண்டைக்குக் கொஞ்சம் முந்தி ஓடுது போலை” என்றார்.

“ஓம், டைனமோவைக் கெதியாச் சுத்திப்போட்டாள் பிள்ளை” என்றார் இன்னொருவர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “நான் வழமை மாதிரித்தான் சுத்தினனான்! மணிக்கூடுதான் பிந்தி நிக்குது!” என்றேன்.

ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் செருப்பைத் தேடினார். பெரியம்மா பலகாரத் தட்டோடு வந்து, என் வாயில்தான் முதலில் ஒரு பயற்றம் பணியாரத்தைத் திணித்தார். பெரியப்பா எழும்பிப் போய் முள்ளை முன்னுக்குத் தள்ளிவிட்டு வந்து செய்தியைக் கேட்டார்.

சனம் கலைந்த பிறகு நான் துரையின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு காதையும் மாறிப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில்லாத வெள்ளைக்காரப் பெண்ணின் தலையில் கலியாண மல்லிகை இருந்தது. பெரியப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

“என்ன பிள்ளை, என்ன குழப்படி செய்தாய்?”

“நான் செய்யேல்லை. இது உங்களுக்கு. நீங்கள் மணிக்கூட்டைப் பிடிச்சனீங்கள். நான் கண்டனான்.”

அவர் குதிரை ஓடுகிற கோப்பைக்குள் விரலைத் தோய்த்து என் நெற்றியில் விபூதி பூசினார். அந்த விரல் இன்னும் சரியாக நிமிரவில்லை.

“அப்ப ஐயருக்கும் சேர்த்துப் போட்டுவிடு” என்றார். “மேளக்காரர் பாவம், அவருக்கும் போடு. கடைசியிலை மாமிக்கும் போடு. அவவுக்கு வடிவாப் போடவேணும்.”

“மாமி என்ன செய்தவ? அவதானே நேரம் பார்த்துக்கொண்டு இருந்தவ!”

பெரியப்பா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஆனால் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான். சிரித்தபடியே மணிக்கூட்டுக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார்.

எனக்கு விளங்கவே இல்லை. மாமி ஒரு பிழையும் செய்யவில்லை என்று பிள்ளையாருக்கு முதலில் சொல்லிவைத்தேன். பிறகு, பெரியப்பா சொல்லிவிட்டார் என்பதற்காக, காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவவின் பங்குக்கும் நன்றாகக் குந்தி எழும்பினேன்.